ஆபீஸ் காமெடித் தொடருக்கு முதல் எபிசோடு எழுதுவது எப்படி: ஒரு மதுரை பார்சல் ஆபீஸை வைத்து

முதல் எபிசோடு எழுத உட்காருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இவர் மேனேஜர், கோபக்காரர். இவர் கேஷியர், கஞ்சன். இவள் புதிதாகச் சேர்ந்த பெண், விவரம் தெரியாதவள் என்று கல்யாண மண்டப வாசலில் நிற்கவைத்துச் சந்தனம் கொடுப்பது போல ஆளுக்கு ஒரு சீன் கொடுத்து முடிப்பதற்குள் இருபது நிமிஷம் ஓடிவிடுகிறது. சரி, அன்றைக்கு அந்த ஆபீஸில் என்ன வேலை நடந்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

முதல் எபிசோடு என்பது அறிமுக விழா இல்லை, ஒரு வேலை நாள். அன்றைக்கு முடித்தே ஆகவேண்டிய வேலை ஒன்று இருக்கட்டும், அது கெடட்டும், கெடும்போது யார் கத்துகிறார், யார் நழுவுகிறார், யார் ரசீது புத்தகத்தைத் தேடுகிறார் என்பதிலேயே ஆட்கள் யாரென்று தெரிந்துவிடும். தனியாக அறிமுகமே வேண்டாம். டிவிக்கோ ஓடிடிக்கோ யூடியூப்புக்கோ, எதற்கு எழுதினாலும் இதுதான் கணக்கு. உதாரணத்துக்கு மதுரையில் ஒரு லாரி பார்சல் ஆபீஸை எடுத்துக்கொண்டு ஒரு எபிசோடை இங்கேயே கட்டிப் பார்ப்போம்.

ஏன் பார்சல் ஆபீஸ்

ஆபீஸ் காமெடி என்றதும் கண்ணாடிக் கட்டடம், ஐடி கம்பெனி, கழுத்தில் அடையாள அட்டை என்று போகிறார்கள். அங்கே நடக்கும் வேலை ஸ்கிரீனுக்குள் நடக்கிறது, கேமராவுக்குத் தெரியாது. பார்சல் ஆபீஸில் வேலை கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது: எடை போடுகிறார்கள், மூட்டையில் மை வைத்து ஊர்ப் பெயர் எழுதுகிறார்கள், எல்.ஆர். என்கிற லாரி ரசீது கிழிக்கிறார்கள், லோடுமேன் கொக்கியைக் குத்தி இழுக்கிறார். அதைவிட முக்கியம், கதவு எப்போதும் திறந்தே இருக்கும். சுங்குடிச் சேலைக் கட்டோடு ஒருவர், அப்பளப் பெட்டியோடு ஒருவர், மகனுக்குச் சென்னைக்கு அரிசி மூட்டை அனுப்ப வரும் ஒரு ஆத்தா என்று ஆளுக்கு ஒரு பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார்கள். நாளைக்கு ஐம்பது எபிசோடு எழுத வேண்டும் என்றால் கதை வருவதும் அந்த வாசல் வழியாகத்தான்.

பார்சல் ஆபீஸ்தான் வேண்டும் என்றில்லை. மாசி வீதி ஜவுளிக்கடை, பத்திரம் எழுதுகிறவர் வைத்திருக்கும் அறை, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம், புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிய தையல்காரர்கள் மாதிரியான ஒரு கூட்டம், எதுவும் சரிதான். நீங்கள் அங்கே ஒரு முழுநாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. 'டூ பே'க்கும் (வாடகையை வாங்குகிறவர் தருவது) 'பெய்டு'க்கும் (அனுப்புகிறவரே கட்டிவிடுவது) என்ன வித்தியாசம், கூலியை யார் தருகிறார், சரக்கு நனைந்தால் யார் தலையில் விழும் என்று தெரியாமல் எழுதினால் இரண்டாவது சீனிலேயே உங்கள் ஆட்கள் டீ குடித்துக்கொண்டு அரட்டையடிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்னொரு கேள்வியையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இவ்வளவு எரிச்சல் இருந்தும் இவர்கள் ஏன் வேலையை விட்டுப் போகவில்லை? மேனேஜருக்கு மகள் கல்யாணத்துக்கு முதலாளி கொடுத்த முன்பணம் இன்னும் கழியவில்லை. புக்கிங் அக்காவுக்கு வீடு பக்கத்துத் தெரு, மத்தியானம் போய் மாமியாருக்குச் சோறு போட்டுவிட்டு வரலாம். லோடுமேனுக்கு அது சங்கம் பிரித்துக் கொடுத்த இடம். இதை எபிசோடில் யாரும் சொல்லவேண்டிய அவசியமில்லை, உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

ஆட்கள்: ஐந்துக்கு மேல் வேண்டாம்

பன்னிரண்டு பேரை வைத்து ஆரம்பித்தால் பார்க்கிறவருக்குப் பெயர்கூட நிற்காது. நான் எடுத்துக்கொள்ளும் ஐந்து பேர்: மேனேஜர் வெங்கிடு, புக்கிங் அக்கா செல்வி, மூத்த லோடுமேன் முத்துராக்கு, கம்ப்யூட்டர் பில்லிங் போட இன்றைக்குச் சேரும் பையன் கார்த்தி, அப்புறம் கணக்குப் பார்க்க ஹெட் ஆபீஸிலிருந்து வரும் இன்ஸ்பெக்ஷன் ஆள். கடைசி ஆள் இந்த ஒரு எபிசோடுக்கு மட்டும்.

இவர்களுக்கு 'கேரக்டர் ஸ்கெட்ச்' என்று பக்கம் பக்கமாக எழுதி நேரத்தைப் போக்காதீர்கள். பிறந்த ஊர், பிடித்த நிறம் எதுவும் படத்துக்கு வராது. அதற்குப் பதில் ஒரே ஒரு தொல்லையை எல்லார் முன்னாலும் போட்டு ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். ஒரு பெட்டி நனைந்து வந்திருக்கிறது. வெங்கிடு: "யாரும் போட்டோ எடுக்காதீங்க." செல்வி: "ரசீதுல நனைஞ்சிருக்குன்னு எழுதலையே, அப்ப நனையலை." முத்துராக்கு: "ஈரம்னா கூலி கூட, வெயிட்டு ஏறும்ல." கார்த்தி: "சார், இதுக்கு சிஸ்டத்துல ஆப்ஷனே இல்ல." நான்கு வரியும் நான்கு விதமாக இருந்தால் ஆட்கள் தயார். இரண்டு பேர் வரியை மாற்றிப் போட்டாலும் பொருந்துகிறது என்றால் அந்த இரண்டு பேரில் ஒருவர் தேவையில்லை, தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

எந்த நாளில் தொடங்குவது

இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, இந்த இடத்தின் கதையே இன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது என்று வைப்பது. அமெரிக்காவில் என்பிசியில் 1982 செப்டம்பரில் தொடங்கிய 'சியர்ஸ்' அப்படி: கல்யாணம் செய்துகொள்ளக் கிளம்பிய ஒரு பெண் பாஸ்டனில் ஒரு பாரில் வந்து உட்காருகிறாள், கூட வந்தவன் கைவிட்டுப் போய்விடுகிறான், எபிசோடு முடியும்போது அவள் அங்கேயே பரிமாறும் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறாள். முதல் எபிசோடு முழுக்க அந்த பாரை விட்டுக் கேமரா வெளியே போகவே இல்லை. காசு இல்லாமல் எடுக்க நினைக்கிறவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஒரே செட் எவ்வளவு தாங்கும் என்று தெரியும்.

இன்னொரு வழி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஏதோ ஒரு நாளில் நாம் போய் நிற்பது. 2001 ஜூலையில் பிபிசியில் வந்த 'தி ஆபீஸ்', அதைத் தழுவி 2005 மார்ச்சில் என்பிசியில் வந்த அமெரிக்க 'தி ஆபீஸ்' இரண்டும் இந்த ரகம். பேப்பர் விற்கும் கம்பெனி, ஆட்குறைப்பு வரப்போகிறது என்று பேச்சு, அந்த நாளில் புதிதாக ஒருவன் வேலைக்கு வருகிறான். மேலதிகாரி அவன் முன்னால் தன்னைப் பெரிய வேடிக்கைக்காரனாகக் காட்டிக்கொள்ள, ரிசப்ஷன் பெண்ணை வேலையை விட்டுத் தூக்குவதாக விளையாட்டுக்குச் சொல்லி அழவைத்துவிடுகிறார். அவர் எப்படிப்பட்டவர் என்று அதற்கு மேல் யாரும் விளக்கவேண்டியதில்லை. இன்னொருவன் பக்கத்து மேஜைக்காரனின் ஸ்டேப்ளரை ஜெல்லிக்குள் வைத்து உறையவைத்திருக்கிறான். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் எத்தனை நாள் பகை என்பதை அந்த ஒரு பொருளே சொல்லிவிடுகிறது. அமெரிக்க முதல் எபிசோடு பெரும்பாலும் பிரிட்டிஷ் ஸ்கிரிப்டையே ஒட்டிப் போனது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே சீன் ஆள் மாறும்போது எப்படி மாறுகிறது என்பது புரியும், இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாவதாக நம்ம ஊர்ப் பக்கத்துத் தந்திரம் ஒன்றும் இருக்கிறது. 2001-ல் சப் டிவியில் வந்த இந்தித் தொடர் 'ஆபீஸ் ஆபீஸ்' அலுவலகத்தை உள்ளிருந்து பார்க்கவில்லை. பங்கஜ் கபூர் நடித்த முசத்திலால் என்கிற சாதாரண மனிதன் ஒரு கையெழுத்துக்காகவோ ஒரு தாளுக்காகவோ மேஜை மேஜையாக அலைவதுதான் கதை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று காத்திருந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு என்பதால் அது உடனே ஒட்டிக்கொள்ளும்.

நான் இரண்டாவது வழியைத்தான் சொல்வேன். புதுப் பையன் வருவது நல்ல உபாயம். ஆனால் அவனை உட்காரவைத்து ஒவ்வொருவரும் விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மறுபடி சந்தனக் கிண்ணம்தான். அவனுக்கு யாரும் எதையும் சொல்லித்தரக் கூடாது. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, அவன் குறுக்கே நிற்கிறான், "அங்கிட்டு நில்லுப்பா" என்று ஆளாளுக்குத் தள்ளுகிறார்கள். அவன் தானாகப் புரிந்துகொள்கிற வேகத்தில் நாமும் புரிந்துகொண்டால் போதும்.

கதையைக் கட்டுவது

ராத்திரி ஒன்பது மணிக்குச் சென்னை லாரி கிளம்ப வேண்டும். நேரக் கெடு ஒன்று இருந்தால்தான் எபிசோடு ஓடும், இல்லாவிட்டால் உட்கார்ந்துவிடும். கோடவுனில் ஊர்ப் பெயரும் இல்லாமல், ரசீதும் இல்லாமல் ஒரு பெட்டி கிடக்கிறது. இன்ஸ்பெக்ஷன் ஆள் வந்த நேரத்தில் அது அவர் கண்ணில் பட்டுவிடுகிறது. வெங்கிடு, கண்டிப்பான மேனேஜர் என்று பெயர் வாங்க வேண்டும் என்பதற்காக, யார் வைத்தார்கள் என்று தெரியாமல் இன்றைக்கு லாரியே நகராது என்று சபதம் போட்டுவிடுகிறார். அந்தப் பெட்டி அவருடையதேதான். மகள் வளைகாப்புக்கான வளையல். பில் போடாமல் லாரியில் ஏற்றிவிடலாம் என்று மச்சினனிடம் சொல்லியிருந்தார். மச்சினன் நாளைக்குக் கொண்டுவர வேண்டியதை இன்றைக்குக் காலையிலேயே கொண்டுவந்து முத்துராக்குவிடம் கொடுத்து, "மாமா பார்சல், யார்ட்டயும் சொல்லாதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அப்படியானால் முத்துராக்குக்கு எல்லாம் தெரியும். ஏன் வாயைத் திறக்கவில்லை? இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் "சொன்னால் கதை முடிந்துவிடும், அதனால் சொல்லவில்லை" என்பது பதிலாகாது. வெங்கிடு தினமும் அவரை "முத்துராக்கண்ணே" என்றுதான் கூப்பிடுவார், வயதில் மூத்தவர். இன்ஸ்பெக்ஷன் ஆள் முன்னால் கெத்துக் காட்ட, "ஏ முத்துராக்கு, இங்க வா" என்று கூப்பிட்டுவிடுகிறார். அவ்வளவுதான். அதற்கப்புறம் முத்துராக்கு காதில் எதுவும் விழாது. கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு இல்லை. இந்த ஒரு 'அண்ணே' போனதில் எபிசோடு முழுக்க நடந்துவிடுகிறது. ஹெட் ஆபீஸ்காரருக்கு இதில் எதுவுமே புரியாது, பார்க்கிற நமக்கு முழுசும் புரியும். வெளியூர்த் தொடரிலிருந்து கதையை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றுகிறவர்களுக்குக் கிடைக்காத இடம் இது.

கடைசியில் பெட்டியைப் பிரிக்கிறார்கள். கண்ணாடி வளையல். வெங்கிடு முகம் வெளுக்கிறது, மெல்ல "முத்துராக்கண்ணே..." என்கிறார். முத்துராக்கு ஒரு நிமிஷம் காக்கவைத்துவிட்டு, "என் தங்கச்சி மக வளைகாப்புக்கு சார், பில்லுப் போட மறந்துட்டேன்" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார். அபராதம் 500 ரூபாய் என்று ரெஜிஸ்டரில் எழுத வேண்டியது வெங்கிடுவே. அவர் திருந்தினாரா? திருந்தக் கூடாது. சினிமாவில் நாயகன் கடைசியில் மாறலாம். வாராவாரம் வரும் தொடரில் அதே ஆள் அதே குணத்தோடு அடுத்த வாரமும் வேண்டும்.

இது முதன்மைக் கதை. கூடவே ஒரு சின்னக் கதை ஓடட்டும், வேறு இரண்டு பேருக்கு: கார்த்தியின் கம்ப்யூட்டரும் செல்வியின் கார்பன் பேப்பர் ரசீதுப் புத்தகமும். 'புதுப்பட்டி' என்று அடித்தால் எந்தப் புதுப்பட்டி என்று சாப்ட்வேர் முழிக்கும், செல்வி அனுப்புகிறவர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். இந்தக் கதையை ஜெயிப்பது யார் என்று தீர்க்கவேண்டாம். மூன்றாவதாக ஒரு இழை, அது கதைகூட இல்லை: டீக்கடைப் பையன் வந்து, "காலைல ஒம்போது டீ, எட்டுக்குத்தான் காசு வந்துருக்கு" என்று அவ்வப்போது கேட்டுவிட்டுப் போகிறான். யாரும் அவனைக் கண்டுகொள்வதில்லை. இதை மறந்துவிடாதீர்கள், கடைசியில் வேண்டும்.

நேரக் கணக்கு சுருக்கமாக: டிவியில் அரை மணி நேர சிட்காம் (இந்த மாதிரிக் காமெடித் தொடர்) என்றால் விளம்பரம் போக 22 நிமிஷம் மிஞ்சும். யூடியூப் என்றால் 15 போதும். பக்கத்துக்கு ஒரு நிமிஷம் என்று சொல்வார்கள், அதை நம்பாதீர்கள். நாலு பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசும் சீன் காகிதத்தில் நீளமாகவும் திரையில் சின்னதாகவும் இருக்கும். வாய்விட்டுப் படித்து போனில் நேரம் வைத்துப் பாருங்கள்.

முதல் ஒரு நிமிஷம்

டைட்டிலுக்கு முன்னால் ஒரு சின்னச் சீன் வரும். அதன் வேலை இது என்ன இடம், இங்கே சிரிப்பு எந்த ரகம் என்று காட்டுவது. மாதிரிக்கு:

காலை. பார்சல் ஆபீஸ் கவுண்டர். அப்பள வியாபாரி கையில் கடைசிப் பெட்டி. மீதி 39 பெட்டியும் உள்ளே போய்விட்டது. செல்வி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

வியாபாரி: யம்மா, போன தடவ நாப்பது பெட்டி போட்டேன். போய்ச் சேந்தது அப்பளமில்ல, அப்பளப் பொடி.

செல்வி: பெட்டி நாப்பதும் வந்துச்சா?

வியாபாரி: பெட்டி வந்துச்சு.

செல்வி: அப்ப சரியாத்தானே அனுப்பிருக்கோம். இங்க ஒரு கையெழுத்து.

வியாபாரி: இந்தத் தடவ மேல எதையும் அடுக்காம விடச் சொல்லும்மா.

செல்வி: (உள்பக்கம் திரும்பி) முத்துராக்கண்ணே, அப்பளம் வந்திருக்கு, பாத்து வைங்க!

(உள்ளே ஏதோ தொப்பென்று விழும் சத்தம். அமைதி.)

முத்துராக்கு: (குரல் மட்டும்) எது, இதுவா?

டைட்டில்.

செல்விக்குத் தாளில் இருப்பதுதான் உண்மை, முத்துராக்குக்கு எதுவும் அவசரமில்லை, இந்த ஆபீஸில் சரக்குக்கு உத்தரவாதம் கிடையாது. யாரும் யாரையும் அறிமுகம் செய்யவில்லை. முக்கியமாக, செல்வி 'அண்ணே' என்று கூப்பிடுவதை நாம் கேட்டுவிட்டோம்; பின்னால் வெங்கிடு அதை விடும்போதுதான் அது உறைக்கும். இந்த மாதிரி ஒரு சொல்லை முன்கூட்டியே காதில் போட்டுவைப்பது முதல் எபிசோடு எழுதுகிறவரின் பெரிய வேலை.

பேச்சு பற்றி

மதுரை என்றால் வரிக்கு வரி "வந்தாய்ங்க, போனாய்ங்க" என்று திணிப்பதை நிறுத்துங்கள். வீட்டிலும் கடையிலும் யாரும் அப்படி இடைவிடாமல் பேசுவதில்லை. கோபம் வந்தால், ஊர்க்காரரோடு தனியாகப் பேசினால் கூடும்; அதிகாரி முன்னால் குறையும். வெங்கிடு ஹெட் ஆபீஸ்காரரிடம் "சொல்லியிருக்காங்க சார்" என்பார், அவர் அந்தப் பக்கம் போனதும் "என்னத்தச் சொன்னாய்ங்க" என்பார். அந்தத் தாவலிலேயே சிரிப்பு இருக்கிறது. சுங்குடி வியாபாரி போனில் வீட்டாரோடு சௌராஷ்டிரத்தில் பேசிவிட்டுத் தமிழில் பேரம் பேசலாம், அதுவும் இந்த ஊர்தான். அரிவாள், மீசை, "மதுரைக்காரன்டா" எல்லாம் சினிமாவிடமே இருக்கட்டும்.

அதேபோல ஜிகர்தண்டா குடிக்கும் ஷாட், கோபுரத்து டிரோன் ஷாட் இரண்டும் வேண்டாம். சித்திரைத் திருவிழாவை முதல் எபிசோடில் செலவழிப்பதும் வீண். அழகர் ஆற்றில் இறங்குகிற நாளில் ஊருக்குள் வண்டி நுழைய முடியாமல் லோடு முழுக்கத் தேங்கி நிற்பது என்று அது தனி எபிசோடாக வரட்டும், அங்கே திருவிழா வேலையைத் தொடும். அப்புறம், குண்டாக இருப்பவரைக் கிண்டல் செய்வது, ஆண் சேலை கட்டிக்கொண்டு வருவது, சிரிப்பு வராத இடத்தில் 'டொய்ங்' என்று சத்தம் போடுவது, இவையெல்லாம் எழுத ஒன்றும் இல்லாதபோது கை தேடுகிற சாமான்கள். அந்த இடத்தில் சீனையே திருப்பி எழுதுங்கள்.

முடிவு

லாரி கிளம்பியாயிற்று. இங்கே உருக்கமான இசை போட்டு எல்லோரையும் சேர்த்து நிற்கவைக்க ஆசை வரும், விட்டுவிடுங்கள். இன்ஸ்பெக்ஷன் ஆள் போகிற வழியில் எதிர் டீக்கடையில் டீ குடிக்கிறார், காசு கொடுக்கிறார். டீக்கடைப் பையன் சில்லறையை எண்ணிக்கொண்டே, "சார், நீங்க பெரிய ஆபீஸ்தானே? காலைல வளையல் பெட்டி கொண்டாந்தாருல்ல மேனேஜர் மச்சினன், அவரு டீக்கு யாரு தருவா?" என்கிறான். இன்ஸ்பெக்ஷன் ஆள் முகம். கட். இரண்டாவது எபிசோடுக்கு வேண்டிய வெடி வைத்தாயிற்று, வெங்கிடுக்கு இன்னும் தெரியாது.

எழுதி முடித்ததும் இதே ஆட்களை, இதே இடத்தை வைத்து இன்னும் ஐந்தாறு எபிசோடுக்குத் தலா ஒரு வரிக் கதை எழுத வருகிறதா என்று பாருங்கள். லோடுமேன்கள் கூலி உயர்வு கேட்டு ஒரு நாள் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒரு பார்சலிலிருந்து உயிருள்ள சேவல் சத்தம் கேட்கிறது. எதிர்த்த கடையில் போட்டி ஆபீஸ் திறக்கிறார்கள். இப்படிச் சுலபமாக வந்துகொண்டே இருந்தால் இடம் சரியான இடம். மண்டையைப் பிய்த்துக்கொண்டால் தப்பு எபிசோடில் இல்லை, நீங்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் இருக்கிறது.

பிறகு நாலைந்து பேரைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு பாத்திரம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் எதையும் படிக்காமல் கேட்க மட்டும் செய்யுங்கள். அவர்களில் ஒருவராவது உண்மையிலேயே பார்சல் ஆபீஸிலோ கடையிலோ வேலை பார்த்தவராக இருந்தால் ரொம்ப நல்லது. அவர் சிரிக்காத இடத்தில் பேனாவால் ஒரு கோடு, "அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க" என்று சொல்லும் இடத்தில் இரண்டு கோடு. இரண்டு கோடு விழுந்த சீன்களை முதலில் திருத்துங்கள். படப்பிடிப்புக்கு நிஜ ஆபீஸ் கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். வெளி வீதிப் பக்கம் மற்ற நாளில் ஹாரன் சத்தத்தில் ஒரு வசனமும் பதியாது. போர்டில் அந்த ஆபீஸின் பெயர் தெரியாமல் நீங்கள் எழுதிய பெயரை ஒட்டிவிடுங்கள்.